நடுக்கடலில் ஐந்தாவது கேள்வி

லிஃப்ட் மெக்கானிக் எங்கே மாட்டிக்கொள்வான்? லிஃப்ட்டில்தான் என்று சொல்வீர்கள். பதினெட்டு வருடமாக நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன வாரம் கடலில் மாட்டிக்கொண்டேன்.

பெரிய கடல் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள். கரையில் நிற்கிற தென்னை மரங்களை எண்ணிவிடக்கூடிய தூரம்தான். ஆனால் பிள்ளைகளே, படகு ஓடும்போது பக்கத்தில் இருக்கிற கரை, படகு நின்றதும் கொஞ்சம் தள்ளிப் போய்விடுகிறது. அது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வந்திருப்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். வைட்ஃபீல்டில் வரிசையாக நிற்கும் அடுக்குமாடிகளின் லிஃப்ட்டுகளைப் பழுது பார்ப்பவன் நான். வீடு பொம்மனஹள்ளியில். இங்கிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒரு முழு சினிமா பார்த்துவிடலாம்... நடுவில் இன்டர்வெல்லும் விடலாம். அவ்வளவு டிராஃபிக். ஆகவே யாராவது லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டால், நான் போவதற்கு முன்னால் என் குரல் போக வேண்டும். பாதி வேலை போனில்தான்.

போனில் ஐந்து கேள்விகள் கேட்பேன். உங்க பேரு என்ன? உள்ள எத்தனை பேரு? லைட்டு எரியுதா? யாருக்காவது உடம்பு சரியில்லையா? இந்த நாலுக்கும் பதில் வந்ததும், "தரையில உக்காருங்க, காத்து வர்றதுக்கு வழி இருக்கு, மூச்சு முட்டாது" என்று சொல்வேன். அப்புறம் ஐந்தாவது கேள்வி.

"நிக்கிறதுக்கு முன்னாடி எதையாவது தொட்டீங்களா?"

பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். பதில் ஒன்றுதான்.

"நான் எதையும் தொடலைங்க."

கதவின் நடுவே செருப்பை வைத்து சோபா ஏற்றியவரும் அதையேதான் சொன்னார். உள்ளே ஸ்கிப்பிங் ஆடிய அக்கா தங்கச்சி இருவரும் அதையேதான் சொன்னார்கள் — ஒரே குரலில். ஒரு பெரியவர், எல்லாப் பட்டன்களையும் வரிசையாக அமுக்கியவர், "நான் கையையே ஆட்டலை தம்பி" என்றார்.

இந்த ஐந்து கேள்விகளும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். சாப்பிடும்போதும் போன் வரும், சர்ச்சில் உட்கார்ந்திருக்கும்போதும் வரும். என் மகள் ஜெனி மூன்று வயதில் பொம்மையை டிபன் பாக்ஸில் போட்டு மூடிவிட்டு, "உங்க பேரு என்னா?" என்று விளையாடியவள். இப்போது அவளுக்குப் பதினொன்று.

அந்த ஜெனியால்தான் இந்தக் கடல் கதையே வந்தது.

அவள் பள்ளியில் ஒரு கேம்ப். ஒரு பெரிய ஏரியில் ஐந்து நாள். துடுப்பு போடவும், பாய்மரம் கட்டவும், நீச்சல் அடிக்கவும் சொல்லித்தருவார்களாம். பெற்றோர் இருவரும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். லீவு முடிந்து பள்ளி திறக்கிற திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

நான் அன்றைக்கே போட்டுவிட்டேன். என் மனைவி எஸ்தர் போடவில்லை.

எஸ்தரும் நானும் கோலார் தங்கவயல்காரர்கள். எங்கள் ஊரில் தண்ணீர் என்பது குடத்தில் இருப்பது. அதுவும் வரிசையில் நின்றால் இருப்பது. பூமிக்குள் ஒரு மைல் இறங்கியவர்களின் பிள்ளைகள் நாங்கள். ஆழத்துக்குப் பயந்தவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆழத்தில் தண்ணீர் நிறைந்திருந்தால்? எஸ்தருக்கு பக்கெட்டுக்கு மேலே போகிற எந்தத் தண்ணீரும் ஆகாது.

"தண்ணிய நம்பி புள்ளய அனுப்ப மாட்டேன்" என்றாள்.

"அம்மா, லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்கம்மா."

"குடுப்பாங்க. தையல் எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்." எஸ்தர் கார்மெண்ட்ஸில் லைன் சூப்பர்வைசர். தைத்த எதையும் சோதிக்காமல் நம்ப மாட்டாள்.

ஜெனி அழவில்லை, சாப்பாட்டைத் தள்ளவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை... அந்தக் கவர் சத்தம்தான் என்னை என்னவோ செய்தது.

நான் ஒரு யோசனை சொன்னேன். மூன்று பேரும் கடலுக்குப் போவோம். ஒரு சின்னப் படகில் கரையோரமாகவே ஒரு சுற்று. எஸ்தர் தன் கண்ணால் பார்க்கட்டும். பிறகு முடிவு செய்யட்டும்.

எஸ்தர் ஒரு நிபந்தனை போட்டாள். "சரி. எனக்கு பயம் போச்சுன்னா கையெழுத்து. போகலன்னா அதப் பத்தி அப்புறம் யாரும் பேசக் கூடாது."

ஜெனி அம்மாவிடம் கை நீட்டினாள். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். ஆபீஸில் ஒப்பந்தம் போடுவது மாதிரி.

மே மாதக் கடைசி. ராத்திரி ரயில் ஏறி, குந்தாப்பூர் பக்கம் ஒரு சிறிய மீன்பிடித் துறைக்குப் போனோம். மே மாதக் கடைசியில் யாராவது அங்கே போவார்களா? போக மாட்டார்கள். மழை வரப் போகிறது. வீட்டு முன்வாசல்களில் பிளாஸ்டிக் ஷீட் கட்டிக்கொண்டிருந்தார்கள். படகுகளையெல்லாம் கரையேற்றி, தென்னை ஓலையால் மூடி வைத்திருந்தார்கள் — போர்வைக்குள் தூங்குகிற யானைகள் மாதிரி. எங்கள் மூன்று பேரையும் பார்த்து லாட்ஜ்காரர், "வழி தவறி வந்துட்டீங்களா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

தண்ணீரில் இருந்தது ஒரே ஒரு மோட்டார் படகு. மாதேவ அண்ணாவுடையது. ஐம்பது வயது இருக்கும். அவரும் நாலைந்து நாளில் கரையேற்றிவிடுவாராம்.

"காலையில ஆறரைக்கு வாங்க. ஒம்பதரைக்குள்ள கரைக்கு வந்துடணும். அதுக்கு மேல காத்து ஏறும்" என்றார். அவர் பேசியது கடலோரக் கன்னடம். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

மறுநாள் ஆறரைக்குப் போனோம். லைஃப் ஜாக்கெட்டுகளை நீட்டினார். எஸ்தர் வாங்கி, உள்பக்கத்தை வெளியே திருப்பினாள். வார் சேருகிற இடங்களை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். மாதேவ அண்ணா வாயைத் திறந்தபடி நின்றார்.

"இது ஓகே. இது ஓகே." மூன்றாவதைத் திருப்பிக் கொடுத்தாள். "இது ரிஜெக்ட். தோள்ல நூலு விட்டுக்கினு வருது. வேற குடுங்க அண்ணா."

அவர் உள்ளே போய் வேறொன்று எடுத்து வந்தார். அதுவும் பாஸானது. "அக்கா, நீங்க போன மாசமே வந்திருக்கலாம். எல்லாத்தையும் பார்த்துக் குடுத்திருப்பீங்க" என்றார்.

அவரவர் தொழில் அவரவர் கையில் இருக்கிறது பாருங்கள். எஸ்தருடைய கை சும்மா இருக்காது. சரி... என் கை?

படகு ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டியது. அந்த இடத்தில் மட்டும் அலை மேலே தூக்கி, கீழே போட்டது. எஸ்தர் என் முழங்கையைப் பிடித்தாள். இன்றைக்கும் அங்கே நாலு நகத்தடம் இருக்கிறது. அதற்கப்புறம் கடல் எண்ணெய் தடவின மாதிரி வழுவழுவென்று கிடந்தது. கரையோரமாக வடக்கே போனோம். இடது பக்கம் வெறும் நீலம். வலது பக்கம் தென்னை, வெள்ளை மணல், ஒரு பாறை, மறுபடி தென்னை.

எஸ்தரின் பிடி மெல்லத் தளர்ந்தது. ஒரு கட்டத்தில் அவளே கையை நீட்டி, ஒரு விரலால் தண்ணீரைத் தொட்டாள். ஜெனி என்னைப் பார்த்தாள். நான் ஜெனியைப் பார்த்தேன். இருவரும் மூச்சு விடவில்லை.

அப்போதுதான் என் காலடியில் இருந்த பெட்ரோல் டேங்க்கைப் பார்த்தேன்.

சிவப்பு டேங்க். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் பின்னால் இருந்த எஞ்சினுக்குப் போனது. டேங்க் மூடியின் உச்சியில் ஒரு குட்டி ஸ்க்ரூ. தளர்ந்து, எஞ்சின் அதிர்வுக்கு ஆடிக்கொண்டிருந்தது. லேசாகப் பெட்ரோல் வாசனை.

பிள்ளைகளே, பதினெட்டு வருடம் ஸ்க்ரூ முடுக்கியவனின் கண்ணெதிரே ஒரு ஸ்க்ரூ ஆடக் கூடாது. தொட்டிலில் குழந்தை அழுகிற மாதிரி அது. விரல் தானாகப் போனது. இரண்டு சுற்று. இறுகிக்கொண்டது. பெட்ரோல் வாசனை நின்றது. நல்ல காரியம் செய்த நிம்மதியோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஸ்க்ரூ முடுக்கியதை எல்லாம் யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

மாதேவ அண்ணா ஜெனியைக் கூப்பிட்டார். "வா புட்டி. நீ கொஞ்சம் ஓட்டு." புட்டி என்றால் அவர்கள் பேச்சில் குட்டிப் பெண். எஞ்சினோடு சேர்ந்த கைப்பிடி ஒன்று இருக்கிறது, அதை இப்படித் தள்ளினால் படகு அப்படித் திரும்பும். ஜெனி எஸ்தரைப் பார்த்தாள்.

எஸ்தர் சொன்னாள், "மெதுவா."

அந்த ஒரு வார்த்தை எங்கள் இருவருக்கும் கையெழுத்து மாதிரியே கேட்டது.

ஜெனி கைப்பிடியைப் பிடித்தாள். படகு நேராகப் போனது. ஐந்து நிமிடம் போயிருக்கும். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே... நான் சொன்னால் அப்பன் பெருமையடிக்கிறான் என்பீர்கள்.

எஞ்சின் இருமியது. ஒரு முறை. இரண்டு முறை. நின்றுவிட்டது.

அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி. தண்ணீர் படகின் பலகையைத் தட்டுகிற சத்தம் மட்டும். படகு மெல்ல அலைக்குப் பக்கவாட்டில் திரும்பி, தொட்டில் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய ஆரம்பித்தது.

"இன்னாடி பண்ண?" என்றாள் எஸ்தர்.

"நான் ஒண்ணுமே பண்ணலம்மா. சும்மா புடிச்சிக்கினு இருந்தேன்."

மாதேவ அண்ணா பதறவில்லை. "பர்வாகில்ல, பர்வாகில்ல" — பரவாயில்லை என்றபடி முதலில் நங்கூரத்தைப் போட்டார். அது கொஞ்ச தூரம் இழுபட்டு, பிறகு மணலில் பிடித்துக்கொண்டது. எஞ்சின் மூடியைக் கழற்றினார். ரெண்டு நாளாகவே ப்ளக் தகராறு செய்கிறதாம். ப்ளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கயிற்றை இழுத்தார். எஞ்சின் உறுமியது... அரை நிமிடம் ஓடியது... மறுபடி நின்றது.

மச்சானுக்குப் போன் போட்டார். மச்சானுடைய படகு ஓலைக்கு அடியில் தூங்குகிறது. ஓலையைப் பிரித்து, நாலு ஆளைக் கூட்டிவந்து, தண்ணீருக்குத் தள்ள ஒரு மணி நேரமாவது ஆகும். ஆஃப் சீசனில் கடலில் கூட்டம் இருக்காது என்று கிளம்பும்போது சந்தோஷப்பட்டிருந்தேன். உண்மைதான். கூட்டமே இல்லை. ஒருத்தரும் இல்லை.

இப்போது நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். எழுந்து நின்றேன். "ஆச்சாண்ணா? ஆச்சா?" என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டேன். கரையைப் பார்த்துக் கையை ஆட்டினேன். கரையில் ஒரு நாய்தான் இருந்தது. அது வாலை ஆட்டியதோ என்னவோ, அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. லிஃப்ட்டில் மாட்டியவர்கள் செய்யக் கூடாது என்று நான் சொல்கிற அத்தனையையும் செய்தேன்.

"உக்காருப்பா" என்றாள் ஜெனி. "நீ நிக்கிறதாலதான் இன்னும் ஆடுது."

உட்கார்ந்தேன்.

எஸ்தரின் உதடு வெளுத்திருந்தது. கண்ணை மூடி, வாய்க்குள் ஜெபம். ஜெனி அவள் பக்கத்தில் படகின் தரையில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்தாள். அப்புறம் ஒரு குரலில் பேசினாள். அது என் குரல். போனில் நான் பேசுகிற அதே இழுவை, அதே நிதானம்.

"மேடம், உங்க பேரு சொல்லுங்க."

எஸ்தர் கண்ணைத் திறந்தாள். "வெளாட்டா இது?"

"பேரு சொல்லுங்க மேடம்."

"...எஸ்தரு."

"உள்ள எத்தனை பேரு?"

"நாலு பேரு. உங்கப்பா ரோதனையச் சேத்தா அஞ்சு."

"லைட்டு எரியுதா?"

எஸ்தர் சூரியனைப் பார்த்தாள். அவளையும் மீறி உதடு அசைந்தது. "நல்லாவே எரியுது."

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"வயித்தக் கலக்குது."

"தரையில உக்காருங்க மேடம். தூரமா பாருங்க. காத்து நல்லா வருது, மூச்சு முட்டாது."

எஸ்தர் பலகையிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். நிஜமாகவே உட்கார்ந்தாள். உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது. மாதேவ அண்ணாவுக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் புரியும். ஆனாலும் ஸ்பேனரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஜெனி ஐந்தாவது கேள்விக்கு வந்தாள். ஒவ்வொருவராகக் கேட்டாள்.

"அண்ணா, நிக்கிறதுக்கு முன்னாடி எதையாவது தொட்டீங்களா?" இதைக் கன்னடத்தில் கேட்டாள். அவர் மேலே பார்த்து யோசித்து, "ரெண்டு தரம் ஆக்சிலேட்டரைக் குறைச்சேன், வேற ஒண்ணுமில்ல" என்றார்.

"அம்மா?"

"என் ஜாக்கெட் பக்கிளு. நாப்பது தரம்."

"நான் கைப்பிடியைத் தொட்டேன்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "அப்பா?"

"நான் எதையும் தொடலை" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் சொல்லவில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. வாயை மூடிய பிறகுதான், காலடியில் இருந்த சிவப்பு டேங்க் கண்ணில் பட்டது. அதன் உச்சியில் ஆடாமல் அசையாமல் நின்றது அந்த ஸ்க்ரூ.

ஒரு சின்ன ஸ்க்ரூவுக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்? நல்லதுதானே செய்தேன்? இறுக்கமாக இருப்பது தப்பா? மனசுக்குள் வரிசையாகச் சாக்குகள். அத்தனையும் நல்ல சாக்குகள்.

எஸ்தர் ஜெனியைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் மோசம்.

"பாரு ஜெனி. யாரும் எதையும் பண்ணல. உன் கைக்கு வந்த அஞ்சு நிமிஷத்துல நின்னுபோச்சு. வேணும்னு பண்ணினேன்னு சொல்லல. தெரியாம பண்ணிருப்ப. தண்ணில தெரியாம பண்ணினாலும் பண்ணினதுதான். அந்த ஃபார்ம் வேணாம், விட்டுடு."

ஜெனி எதிர்த்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

"நான்தான் ஏதாச்சும் பண்ணிருப்பேன்" என்றாள்.

அந்தக் கைகள் எதுவும் செய்யவில்லை என்று அந்தப் படகில் ஓர் ஆளுக்கு மட்டும் தோன்றியது. ஆனால் அந்த ஆள் உறுதியாகத் தெரியட்டும் என்று காத்திருந்தான். தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று. தெரியாமலே போய்விட்டால் சொல்லவே வேண்டாமே என்றும்...

ஏன் இப்படி இருக்கிறோம்? லிஃப்ட்டில் மாட்டியவர்கள் ஏன் பொய் சொல்கிறார்கள் என்று பதினெட்டு வருடம் எரிச்சல்பட்டிருக்கிறேன். அது பொய் என்றுகூட அவர்களுக்குத் தெரியாதோ? பயந்த மனிதனின் வாய், கதவை முதலில் சாத்திவிடுகிறது. யார் வருகிறார்கள் என்று பிறகுதான் பார்க்கிறது.

"அண்ணா" என்றேன். "இந்த டேங்க் மூடில ஒரு ஸ்க்ரூ லூசா இருந்துது. நான் டைட் பண்ணிட்டேன். அதுக்கும் இதுக்கும்..."

முடிக்கவில்லை. மாதேவ அண்ணா ஸ்பேனரைக் கீழே வைத்தார். ரப்பர் குழாயின் நடுவில் கையால் அமுக்குகிற குமிழ் ஒன்று உண்டு. அதைத் தூக்கிப் பார்த்தார். சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி ஒட்டிக்கிடந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

குனிந்து, அந்த ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தினார்.

ஸ்ஸ்ஸ்ஸ்... என்றது டேங்க். ரொம்ப நேரம் மூச்சைப் பிடித்திருந்த ஆள் மூச்சை இழுக்கிற மாதிரி.

"சார், அது டேங்க்கோட மூக்கு" என்றார். "உள்ள காத்து போனாத்தான் பெட்ரோல் வெளிய வரும். அத மூடிட்டா அஞ்சு, பத்து நிமிஷம் ஓடும். அப்புறம் மூச்சு முட்டி நின்னுடும்."

காற்று வர வழி இருக்கிறது, மூச்சு முட்டாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். போயும் போயும் ஒரு டேங்க்கின் மூக்கைப் பொத்தியிருக்கிறேன்.

குமிழை நாலு தரம் அமுக்கி, கயிற்றை இழுத்தார். எஞ்சின் உறுமியது. அரை நிமிடம் போனது. ஒரு நிமிடம் போனது. நிற்கவில்லை. மச்சானுக்குப் போன் போட்டு, "ஓலையைத் திரும்ப மூடிடு" என்றார். மறுமுனையில் மச்சான் என்ன சொன்னாரோ, போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

நங்கூரத்தை எடுத்தபின் ஜெனியைப் பார்த்து, "வா புட்டி, ஓட்டு" என்றார்.

ஜெனி அம்மாவைப் பார்த்தாள். எஸ்தர் நகர்ந்து, அவளுக்கு வழி விட்டாள். கரை வரைக்கும் ஜெனியே ஓட்டினாள். முகத்துவாரத்தில் மட்டும் மாதேவ அண்ணா அவள் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டார். என்னை முன்பக்கம் உட்கார வைத்தார்கள். அங்கே ஸ்க்ரூ எதுவும் இல்லை.

டால்பின் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. ஆஃப் சீசன்.

கரையில் இறங்கியதும் நான் ஜெனியிடம், "அப்பா சட்டுனு சொல்லிருக்கணும், தப்புதான்" என்றேன். அவள், "நீயா சொன்னல்லப்பா. உன் லிஃப்ட்டுக்காரங்க யாரும் சொன்னதில்லையே" என்றாள். எனக்குக் கிடைத்த சர்டிஃபிகேட்டுகளிலேயே நல்லது அதுதான்.

ஆனால் எஸ்தர் படிவத்தைப் பற்றிப் பேசவில்லை. ரயிலில் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. பயம் போனால் கையெழுத்து, போகாவிட்டால் யாரும் பேசக் கூடாது — ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஜெனியும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்துவிட்டது. மறுநாள் பள்ளி. படிவம் கவரோடு மேசைமேல் கிடந்தது. ஜெனி புது நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள், கவரின் பக்கமே பார்க்காமல்.

போன் அடித்தது. வைட்ஃபீல்ட். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் குடி வந்தவராம். பேர் கேட்டேன். தனியாக இருக்கிறார். லைட் எரிகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. தரையில் உட்காரச் சொன்னேன்.

"நிக்கிறதுக்கு முன்னாடி எதையாவது தொட்டீங்களா சார்?"

"நான் எதையும் தொடலைங்க" என்றார்.

வழக்கமாக இந்த இடத்தில் பெருமூச்சு விடுவேன். அன்றைக்கு விடவில்லை.

"பரவால்ல சார். போன வாரம் நடுக்கடல்ல மாட்டிக்கினு நானும் அதேதான் சொன்னேன். ஆனா தொட்டிருந்தேன். நல்லதுன்னு நெனச்சித்தான் தொட்டேன். மெதுவா யோசிச்சு சொல்லுங்க."

"...என்கூட ஒரு மெத்தை இருக்கு" என்றார். "அதக் கதவு மேல சாய்ச்சு வெச்சேன். அது தொட்டதுல சேருமா?"

"சேரும் சார். கதவு லேசா நெளிஞ்சாலே வண்டி நின்னுடும். மெத்தைய எதிர்ப் பக்கமா சாய்ச்சிட்டு, அப்புறம் பட்டனை அமுக்குங்க."

போனில் மெத்தை உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு லிஃப்ட் கிளம்புகிற சத்தம். அதை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். பொம்மனஹள்ளியிலிருந்து நான் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். எஸ்தர் மேசையருகே நின்றிருந்தாள், கையில் பேனாவோடு. படிவம் கவரிலிருந்து வெளியே வந்திருந்தது.

"பயம் போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"போகல" என்றாள். "ஆனா மாட்டிக்கினா என்னா பேசணும்னு இவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நீச்சல அங்க சொல்லித் தருவாங்க." ஜெனியைப் பார்த்தாள். "ஜாக்கெட்ட மட்டும் திருப்பிப் போட்டு, தோள்ல இழுத்துப் பாரு. எங்க இழுக்கணும்னு காட்டறேன்."

ஜெனி கையிலிருந்த நோட்டைக் கீழே வைத்தாள். வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பிடியோடேயே எஸ்தர் கையெழுத்துப் போட்டாள். அதனால் அது கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது.

அப்புறம் நான் எட்டிப் பார்த்தேன். படிவத்தின் கடைசி வரி: 'கேம்ப்புக்குப் பெற்றோரில் யாராவது உடன் வருவார்களா?'

'இல்லை' என்ற கட்டத்தில் எஸ்தர் இரண்டு முறை டிக் அடித்திருந்தாள்.